குவாண்டம் ஈர்ப்பில் சமச்சீர் உண்டா, கிடையாதா?

கருப்பூர் மாணவி கேட்டது:

அடுத்த ஞாயிறு ஏற்காட்டில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் "சமச்சீரும் ஈர்ப்பும்" பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டும். கேட்க வருகிறவர்கள் பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவர்கள். குவாண்டம் இயக்கவியல் தெரியும். சார்பியலில் சிறப்புச் சார்பியலோடு சரி.

குறிப்பு எடுக்கும்போது இரண்டு கூற்றுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. பொதுச் சார்பியலே ஒரு சமச்சீரின் மேல்தான் நிற்கிறது, ஆயங்களை எப்படி மாற்றினாலும் விதி மாறாது, ஆகவே குவாண்டம் ஈர்ப்புக்கும் அதுவே அடித்தளம் என்கிறார்கள். இன்னொரு பக்கம், குவாண்டம் ஈர்ப்பில் குளோபல் சமச்சீர் எதுவுமே இருக்க முடியாது என்கிறார்கள். இரண்டையும் ஒரே பலகையில் எப்படி எழுதுவது? குளோபல் சமச்சீர் இல்லை என்றால், புரோட்டான் கட்டாயம் சிதைய வேண்டுமா? எத்தனை ஆண்டில்? காலவெளி சின்னச் சின்னத் துண்டுகளால் ஆனது என்றால் லோரன்ட்ஸ் சமச்சீர் (நிற்கிறவருக்கும் சீராக ஓடுகிறவருக்கும் விதி ஒன்றே என்பது) உடைந்துவிடாதா? எண்களோடு சொன்னால் நன்றாக இருக்கும்.

அஸ்தம்பட்டி ஆசிரியர் பதில்:

இரண்டும் முட்டவில்லை அம்மா. வேறு வேறான இரண்டு விஷயங்களுக்கு ஒரே பெயரை வைத்துவிட்டோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

முதல் வகை, பெயரிடும் சுதந்திரம். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. கீழிருந்து எண்ணுகிறவருக்கு 6-வது வளைவு, மேலிருந்து எண்ணுகிறவருக்கு 15-வது. எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுகிறோம் என்று சொல்லாமல் "6-வது வளைவில் என்ன நடந்தது?" என்று கேட்டால் பதில் கிடையாது. "மேலே ஏறிய பஸ்ஸும் கீழே இறங்கிய பால் வண்டியும் எதிரெதிரே வந்தபோது பஸ் டிரைவர் கைக்கடிகாரம் என்ன காட்டியது?" என்று கேளுங்கள். யார் எப்படி எண்ணினாலும் ஒரே பதில்தான். 1913-இல் ஐன்ஸ்டைனைத் தடுக்கி விழவைத்த "ஓட்டை வாதம்" இதே சிக்கல்தான். சந்திப்புகள் மட்டுமே உண்மை, ஆய எண்கள் வெறும் பெயர் என்று உணர்ந்த பிறகுதான் 1915-இல் சமன்பாடுகள் முழு வடிவம் பெற்றன. இதைக் கேஜ் சமச்சீர் என்கிறோம். இது ஒரு நிலையை வேறொரு நிலையாக மாற்றாது. ஒரே நிலைக்குப் பல எழுத்துமுறைகள் இருப்பதைச் சொல்கிறது, அவ்வளவே.

இதன் விளைவு ஒன்றைப் பேச்சில் விடாதீர்கள். குவாண்டம் ஈர்ப்பில் "இந்தப் புள்ளியில் புலத்தின் மதிப்பு" என்பது அளக்கக்கூடிய பொருளே அல்ல, ஏனென்றால் "இந்தப் புள்ளி" என்பதே ஒரு பெயர். மொத்த ஆற்றலைக்கூட இடம் இடமாகக் கூட்டி எடுக்க முடியாது. வெகுதொலைவு எல்லையில் நின்று, அங்கே புலம் எப்படித் தேய்கிறது என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

இரண்டாம் வகைதான் குளோபல் சமச்சீர். இது ஒரு நிலையை உண்மையிலேயே வேறு நிலையாக்கும், விதி மட்டும் மாறாது. நோதரின் 1918 தேற்றம் இதற்கு ஒரு மாறா எண்ணைத் தருகிறது. மின்னூட்டத்துக்கு வெளியே மின்புலம் இருக்கும். பேரியான் எண் (புரோட்டான், நியூட்ரான் போன்ற துகள்களின் எண்ணிக்கை) போன்ற குளோபல் எண்ணுக்கு அப்படி ஒரு புலம் கிடையாது. தடை இந்த இரண்டாம் வகைக்கு மட்டும்.

ஏன் தடை? கருந்துளைக் கணக்கைப் பலகையில் போட்டே காட்டலாம். சூரியனின் நிறையுள்ள நட்சத்திரத்தில் சுமார் 10⁵⁷ பேரியான்கள். அது கருந்துளையாகிவிட்டது என்று வையுங்கள். வெளியிலிருந்து தெரிவது நிறை, சுழற்சி, மின்னூட்டம். பேரியான் எண்ணுக்கு வெளியே எந்த அடையாளமும் இல்லை. கருந்துளை கதிர்வீசும் ஹாக்கிங் வெப்பநிலை அப்போது ஒரு கெல்வினில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு (6×10⁻⁸ கெல்வின்). இந்தக் குளிரில் ஃபோட்டானும் ஈர்ப்பலையும்தான் வெளியேறும், புரோட்டான் வெளியேற வழியில்லை. துளை சுருங்கச் சுருங்கச் சூடேறும். வெப்பநிலை 1 ஜிகா எலக்ட்ரான்வோல்ட்டை (இனி ஜிஇவி) தொட்டால்தான் புரோட்டான்கள் வெளிவரத் தொடங்கும். அந்த நேரத்தில் மிச்சமிருக்கும் நிறை சுமார் 10¹⁰ கிலோ. அது முழுவதையும் புரோட்டானாகவே மாற்றினாலும் 6×10³⁶ தான் கிடைக்கும். உள்ளே போனது 10⁵⁷. கணக்கு எந்த வழியிலும் நேராகாது. துளை முழுவதும் ஆவியாகிவிட்டால் பேரியான் எண் காக்கப்படவில்லை என்றே பொருள்.

"ஆவியாகாமல் ஒரு சின்ன மிச்சம் நின்றுவிடட்டுமே, எண் அதற்குள் பத்திரமாக இருக்கும்" என்று கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். அப்படியானால் ஏறக்குறைய ஒரே நிறையில், பேரியான் எண் மட்டும் வேறுபடும் எண்ணற்ற வகை மிச்சங்கள் இருக்க வேண்டும். கருந்துளையின் என்ட்ரோபி (உள்ளே எத்தனை நிலைகள் அடங்கும் என்பதன் அளவு), பிளாங்க் அலகில், பரப்பில் நான்கில் ஒரு பங்கு. சின்னப் பரப்புக்குள் அத்தனை நிலைகள் அடங்காது. வாதத்தின் வலு இந்த இடத்தில்தான் இருக்கிறது. புரோட்டான் கணக்கோடு நிறுத்திவிட்டால் பாதிதான் சொன்னதாகும்.

செவ்வாய்ப்பேட்டை பதில்:

சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். "சமச்சீர் இல்லை என்றால் பேரியான் எண் இத்தனை துல்லியமாக எப்படிக் காக்கப்படுகிறது?" என்ற கேள்வி உடனே வரும். நம்மூர் வெள்ளியை வைத்தே பதில் சொல்லலாம்.

தூய வெள்ளியின் ஒற்றைப் படிகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அணுக்கள் கனசதுர அடுக்கில் இருக்கின்றன, எல்லாத் திசையும் ஒன்றல்ல. ஆனால் மின்கடத்துதிறனை அளந்தால் எந்தத் திசையிலும் ஒரே மதிப்பு. இந்த ஒரு அளவை மட்டும் வைத்துப் பார்த்தால் படிகத்துக்கு முழுச் சுழற்சிச் சமச்சீர் உண்டென்று சத்தியமே செய்துவிடுவோம். அடுத்து விறைப்பை, அதாவது யங் குணகத்தை, அளந்து பாருங்கள். கனசதுரத்தின் விளிம்பு வழியே சுமார் 44 ஜிகாபாஸ்கல். மூலைக்கு மூலை செல்லும் உள் மூலைவிட்டத்தின் வழியே சுமார் 120. ஏறக்குறைய மூன்று மடங்கு! காரணம் எளிது. கடத்துதிறன் இரண்டு சுட்டெண் கொண்ட அளவு, கனசதுரத்தின் மூலைகளைப் பார்க்கும் கண் அதற்கு இல்லை. விறைப்பு நான்கு சுட்டெண் கொண்டது, அது பார்த்துவிடும். (கொலுசில் இது தெரியாது. அதில் கோடிக்கணக்கான சிறு படிகங்கள் தாறுமாறான திசைகளில் கிடப்பதால் சராசரியாகிவிடும்.)

பேரியான் எண்ணும் இப்படித்தான். ஸ்டாண்டர்ட் மாடலின் (இன்று அறிந்த துகள்களின் கோட்பாடு) கேஜ் சமச்சீர்களை எழுதிவிட்டு, பரிமாணம் 4 வரை (இங்கே பரிமாணம் என்பது உறுப்பின் நிறை அடுக்கு, வெளியின் பரிமாணம் அல்ல) அனுமதிக்கப்பட்ட எல்லா உறுப்புகளையும் எழுதினால், பேரியான் எண்ணை உடைக்கும் உறுப்பு ஒன்றுகூட அமையாது. யாரும் அதைக் காக்கவில்லை, உடைக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். பரிமாணம் 6-க்குப் போனால் உடைக்கும் உறுப்பு வந்துவிடுகிறது. இதைத் தற்செயல் சமச்சீர் என்பார்கள். குவாண்டம் ஈர்ப்பு தடுப்பது துல்லியமான குளோபல் சமச்சீரை. தற்செயலாகத் தோன்றுவதை அல்ல.

ஒரு திருத்தமும் உண்டு. எலக்ட்ரோவீக் அனாமலியால் (அனாமலி என்றால், குவாண்டம் அல்லாத கணக்கில் இருந்த சமச்சீர் குவாண்டம் நிலையில் உடைவது) பேரியான் எண் ஸ்டாண்டர்ட் மாடலுக்குள்ளேயே, மிக மிகச் சிறிதாக, உடைந்துதான் இருக்கிறது. 1976-இல் ட்ஹூஃப்ட் காட்டினார். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் முன் பேசும்போது "பேரியான் எண் கழித்தல் லெப்டான் எண்" என்று சொல்வதே பாதுகாப்பு (லெப்டான் என்பது எலக்ட்ரான், நியூட்ரினோ வகைத் துகள்).

கருப்பூர் மாணவி:

வெள்ளி உதாரணம் பளிச்சென்று புரிந்தது அண்ணா. பரிமாணம் 6 என்றால் ஆயுள் எவ்வளவு வரும்? நான் போட்டுப் பார்த்ததில் 10⁴⁵ ஆண்டு வருகிறது. இன்னொருவர் 10⁴² என்கிறார். ஆயிரம் மடங்கு வித்தியாசம், எது சரி?

அஸ்தம்பட்டி ஆசிரியர்:

இரண்டும் சரிதான், வெவ்வேறு பிளாங்க் நிறையை (ஈர்ப்பின் குவாண்டம் விளைவு வலுக்கும் அளவுகோலை) வைத்திருக்கிறீர்கள்.

படி இதுதான். பரிமாணம் 6 உறுப்பின் வலு, நிறையின் வர்க்கத்துக்குத் தலைகீழ். சிதைவு வீதம் அதன் வர்க்கம், ஆகவே கீழே நான்காம் அடுக்கு. அலகு பொருந்த மேலே புரோட்டான் நிறையின் ஐந்தாம் அடுக்கு. ஆயுள் இதற்குத் தலைகீழ். பிளாங்க் நிறை 1.22×10¹⁹ ஜிஇவி, நான்காம் அடுக்கு 2.2×10⁷⁶. புரோட்டான் 0.938 ஜிஇவி, ஐந்தாம் அடுக்கு 0.73. வகுத்தால் 3×10⁷⁶. இதை வினாடியாக்க 6.58×10⁻²⁵ ஆல் பெருக்கினால் 2×10⁵² வினாடி, அதாவது சுமார் 6×10⁴⁴ ஆண்டு. குறைக்கப்பட்ட பிளாங்க் நிறை, 2.4×10¹⁸ ஜிஇவி, எடுத்தால் எட்டு பையின் வர்க்கம், அதாவது 632, கீழே வந்துவிடும். ஆயுள் 10⁴² ஆண்டு ஆகிவிடும். பலகையில் எந்த நிறை என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். இந்தக் கணக்கில் எல்லாரும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே ஆய்வகம், புரோட்டான் பாசிட்ரானாகவும் நடுநிலைப் பையானாகவும் சிதையும் வழிக்கு 2.4×10³⁴ ஆண்டு என்ற கீழ்வரம்பை 2020-இல் வெளியிட்டது. எட்டு அல்லது பத்து அடுக்கு தள்ளியிருக்கிறது. ஈர்ப்பு மட்டுமே காரணமென்றால் புரோட்டான் சிதைவதை நாம் பார்க்கப்போவதில்லை.

நியூட்ரினோவில் நிலைமை வேறு, அதையும் போட்டுக் காட்டுங்கள். லெப்டான் எண்ணை உடைப்பது பரிமாணம் 5, கீழே ஒரே ஒரு நிறைதான். ஹிக்ஸ் புலத்தின் அளவு 174 ஜிஇவி, அதன் வர்க்கத்தைப் பிளாங்க் நிறையால் வகுத்தால் 2.5×10⁻⁶ எலக்ட்ரான்வோல்ட். நியூட்ரினோ வகை மாறுவதைப் பார்க்கும் அலைவுச் சோதனைகள் கேட்பது சுமார் 0.05. இருபதாயிரம் மடங்கு போதவில்லை. ஆகவே நியூட்ரினோ நிறைக்குப் பின்னால் இந்த உறுப்பு இருந்தால், அதன் அளவுகோல் பிளாங்க்குக்குக் கீழே, 6×10¹⁴ ஜிஇவி அருகே இருக்க வேண்டும். ஈர்ப்பு மட்டும் செய்த வேலை இல்லை என்பது இதில் தெளிவாகிறது.

நாகலூர்க்காரன் பதில்:

பிளாங்க் அளவு என்றாலே விளைவு கண்ணுக்குத் தெரியாது என்ற எண்ணம் கூட்டத்தில் பதிந்துவிடக் கூடாது. இரண்டு இடங்களில் அது முழுக்கத் தவறு.

முதலில் ஆக்சியான். அணுக்கருவைக் கட்டும் வலு விசையில் தீட்டா கோணம் என்ற எண் 10⁻¹⁰-க்குக் கீழே இருப்பதை விளக்க ஒரு குளோபல் சமச்சீரை வைக்கிறார்கள், அது உடைவதால் வரும் துகள்தான் ஆக்சியான். அந்தச் சமச்சீர் உடையும் அளவு 10¹² ஜிஇவி என்று கொள்வோம். ஈர்ப்பு அதைப் பரிமாணம் 5-இல் உடைத்தால் வரும் ஆற்றலடர்த்தி: 10¹²-இன் ஐந்தாம் அடுக்கைப் பிளாங்க் நிறையால் வகுத்தால், 8×10⁴⁰ (ஜிஇவி-யின் நான்காம் அடுக்கில்). தாங்கக்கூடியதோ வலு விசை தரும் 3×10⁻⁵-இல் 10⁻¹⁰ பங்கு, அதாவது 3×10⁻¹⁵. ஐம்பத்தைந்து அடுக்கு மிஞ்சிவிட்டது. ஒவ்வொரு பரிமாணமாக ஏறிப் பார்த்தால், 12 வரை எல்லா உறுப்பையும் எதுவோ ஒன்று தடுத்தாக வேண்டும், 13-இல்தான் மூச்சுவிடலாம். குளோபல் சமச்சீருக்கான தடை வெறும் தத்துவம் அல்ல, மாதிரிகளைத் தூக்கிப் போடும் வேலையைச் செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. தப்பிக்கும் வழி: தனித்த படிகள் கொண்ட ஒரு கேஜ் சமச்சீரை வைத்து, தற்செயலாகக் குளோபல் சமச்சீர் 12 வரை நிற்கும்படி அமைப்பது. கேஜ் என்பதால் கருந்துளை அதை விழுங்க முடியாது. சூப்பர்சிமெட்ரி மாதிரிகளில் (ஒவ்வொரு துகளுக்கும் ஒரு ஜோடித் துகள் உண்டு என்பவை) புரோட்டானைக் காப்பாற்றவும் இதே உத்திதான். அங்கே பரிமாணம் 4, 5-லேயே சிதைவு வந்துவிடும், விட்டுவைத்தால் ஆபத்து.

இன்னொரு இடம் லோரன்ட்ஸ். "துண்டு துண்டான காலவெளி என்றால் லோரன்ட்ஸ் உடையும்" என்பது அவசரமான முடிவு. கோண உந்தத்தை நினைத்துப் பாருங்கள். அதன் ஒரு கூறு துண்டு துண்டான மதிப்புகளையே எடுக்கும், அதனால் சுழற்சிச் சமச்சீர் உடைந்ததா? அச்சைத் திருப்பினால் கிடைக்கக்கூடிய மதிப்புகளின் பட்டியல் மாறாது, ஒவ்வொன்றும் வரும் வாய்ப்புதான் மாறும். பரப்பே துண்டு துண்டான மதிப்புகளை எடுக்கும் லூப் குவாண்டம் ஈர்ப்புக் கோட்பாட்டில் பரப்புக்கும் இதே நிலைதான் என்று ரொவெல்லியும் ஸ்பெசியாலேயும் 2003-இல் வாதிட்டார்கள். வேகமாக ஓடுகிறவர் மிகச் சிறிய பரப்பைப் பாதியாக அளக்கமாட்டார், அதே பட்டியலிலிருந்துதான் ஒரு மதிப்பைப் பெறுவார். காலவெளியைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பார்க்கும் காசல் செட் கோட்பாட்டில் புள்ளிகளை மழைத்துளி விழுவதுபோல் எந்த ஒழுங்குமில்லாமல் தூவுகிறார்கள். கட்டம் போட்ட தாளில் திசை தெரியும். மொட்டைமாடியில் முதல் தூறல் விழுந்த தடத்தில் எந்தத் திசையைக் காட்டுவது?

உண்மையிலேயே உடைந்தால் என்ன ஆகும்? ஃபெர்மி தொலைநோக்கி 2009 மே 10-இல் பதிவுசெய்த காமா வெடிப்பை எடுங்கள், சிவப்புப் பெயர்ச்சி 0.9. அதில் 31 ஜிஇவி ஃபோட்டான் ஒன்று வந்தது. ஃபோட்டானின் வேகம் அதன் ஆற்றலுக்கும் பிளாங்க் ஆற்றலுக்கும் உள்ள விகிதத்தில் குறையும் என்றால், அந்த விகிதம் 2.5×10⁻¹⁸. அண்டம் விரிவதையும் சேர்த்தால் தாமதம் சுமார் 1.1 வினாடி. வந்ததோ வெடிப்பு தொடங்கி 0.9 வினாடிக்குள். அன்றே நேர்விகித உடைவு பிளாங்க் அளவுக்கு அப்பால் தள்ளப்பட்டது. 2022 அக்டோபர் 9 வெடிப்பைச் சீனாவின் லாசோ ஆய்வகம் பார்த்தது, வரம்பைப் பிளாங்க் ஆற்றலின் பத்து மடங்குக்கு உயர்த்தியது.

இதைவிடக் கடுமையான வாதம் ஒன்று உண்டு, காலின்ஸ், பெரெஸ், சுதர்ஸ்கி முதலியோர் 2004-இல் வைத்தது. பிளாங்க் அளவில் உடைந்தது அங்கேயே நிற்காது. குவாண்டம் திருத்தங்கள் வழியாகக் கீழே இறங்கி, வெவ்வேறு துகள்களின் உச்ச வேகத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு வித்தியாசம் உண்டாக்கும். சோதனைகள் அதைவிடக் கோடி மடங்குக்கும் மேல் நுணுக்கமாகப் பார்த்துவிட்டன, வித்தியாசம் இல்லை. லோரன்ட்ஸைக் கொஞ்சமாக உடைத்துவிட்டுத் தப்பிக்க முடியாது என்பதே என் துணிபு.

செவ்வாய்ப்பேட்டை:

அதே கண்டிப்பு, துகள்களை நுண்ணிய சரங்களின் அதிர்வாகப் பார்க்கும் சரக் கோட்பாட்டில் நேர்வழியாக வேலை செய்கிறது. லோரன்ட்ஸ் சமச்சீரைக் குவாண்டம் நிலையிலும் காக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் வெளியின் பரிமாணமே தீர்மானமாகிவிடும். திறந்த போசானிக் சரத்தின் (சரத்தின் மிக எளிய வகை) முதல் கிளர்நிலையில் காலவெளியின் மொத்தப் பரிமாணத்தைவிட இரண்டு குறைவான எண்ணிக்கையில் நிலைகள் உள்ளன. அத்தனை நிலை மட்டும் இருப்பது நிறையற்ற வெக்டர் துகளுக்குத்தான் பொருந்தும். நிறை இருந்தால் இன்னொரு நிலை வேண்டும். ஆகவே நிறை பூஜ்யம். அந்த நிறையின் வர்க்கமோ, 1-இலிருந்து (பரிமாணம் − 2) ÷ 24-ஐக் கழித்தது. பூஜ்யமாக வேண்டுமென்றால் பரிமாணம் 26. அந்த 24 எங்கிருந்து வந்தது? 1+2+3+… என்ற தொடரின் −1/12 இலிருந்து. ராமானுஜன் 1913-இல் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் இருந்த அதே தொடர். ஈரோட்டில் பிறந்தவரின் எண் இது என்பதை ஏற்காட்டில் சொல்லாமல் விடாதீர்கள்.

சூப்பர்சிமெட்ரி சேர்ந்த சூப்பர்சரத்தில் அது 10 ஆகிறது. அங்கே கேஜ் சமச்சீரும் அனாமலியால் உடையும் ஆபத்து உண்டு. கிரீனும் ஷ்வார்ட்ஸும் 1984-இல் கணக்குப் போட்டபோது, கேஜ் சமச்சீர்க் குழுவுக்குச் சரியாக 496 ஆக்கிகள் (குழுவின் தனித்தனி அடிப்படை மாற்றங்கள்) இருக்க வேண்டும் என்று வந்தது. எஸ்ஓ(32) என்ற குழுவுக்கு 32×31÷2 = 496. இ8 என்ற குழு இரண்டு சேர்ந்தால் 248+248 = 496. கேஜ் "வெறும் பெயர்" என்று சார் சொன்னார், சரி. ஆனால் அந்தப் பெயரிடும் சுதந்திரம் குவாண்டம் நிலையில் கெட்டுவிட்டால் நிகழ்தகவுகள் கூடி ஒன்று ஆகாது, கோட்பாடே செத்துவிடும்.

கருப்பூர் மாணவி:

இன்னும் ஒன்றே ஒன்று. கருந்துளை வாதத்தை "நிரூபணம்" என்று சொல்லலாமா?

அஸ்தம்பட்டி ஆசிரியர்:

கூடாது. அது வலுவான வாதம். ஹாக்கிங் கதிர்வீச்சு கடைசிவரை இப்படியே நடக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு உடையும் என்பதையும் சொல்லாது. உடைவு அடுக்குக்குறியில் மிகச் சிறியதாகவும் இருக்கலாம். அதனால்தான் மேலே போட்ட ஆயுள் கணக்கில் குணகத்தை 1 என்று எடுத்துக்கொண்டோம். அதையும் பலகையில் எழுதிவிடுங்கள்.

நிரூபணத்துக்கு மிக அருகில் போவது ஹார்லோ, ஊகுரி இருவரும் 2018-இல் தந்தது. எதிர்வளைவு கொண்ட ஆன்டி டி சிட்டர் வெளியில், உள்ளே நடக்கும் ஈர்ப்பு முழுவதும் எல்லையில் வாழும் ஈர்ப்பில்லாத கோட்பாட்டுக்குச் சமம். நல்ல பெரிய மல்கோவா ஒன்றைக் கையில் எடுத்துச் சென்று விளக்குங்கள். தோல்தான் எல்லை, கொட்டை இருக்கும் இடத்தில் ஒரு துகள். குளோபல் சமச்சீர் ஒன்று இருந்தால் எல்லையில் அதன் செயலியை (ஆபரேட்டரை) சின்னச் சின்னத் தோல்பகுதிகளாகப் பிரித்து எழுதலாம். ஒவ்வொரு பகுதியும் தனக்கு உள்ளே கொஞ்ச ஆழம் வரைதான் ஆளும், மெல்லிய சீவலைப் போல. சுற்றிலும் சீவி எடுத்துவிட்டாலும் கொட்டையை எந்தச் சீவலும் தொடவில்லை. அப்படியென்றால் எல்லாப் பகுதிகளும் சேர்ந்தாலும் நடுவில் இருக்கும் துகளின் நிலையை மாற்ற முடியாது. ஆனால் சமச்சீர் என்றால் மாற்றியே ஆக வேண்டும். முரண்பாடு. கேஜ் சமச்சீருக்கு இந்தச் சிக்கல் வராது. துகளிலிருந்து தோல் வரை புலக்கோடு ஓடுகிறது, சீவல் அந்தக் கோட்டின் நுனியைத் தொட்டுவிடும். எல்லையில் இருக்கும் குளோபல் சமச்சீர் உள்ளே கேஜ் சமச்சீராகவே தோன்றும் என்பதும் இதிலேயே வந்துவிடுகிறது.

நம் அண்டம் அந்த வெளி அல்ல. இங்கே அண்டவியல் மாறிலி நேர்க்குறி, தோலைப்போல் நிற்கும் எல்லை கிடையாது. ஆகவே "ஆன்டி டி சிட்டரில் காட்டப்பட்டது, நம் அண்டத்துக்குக் கருந்துளை வாதம்" என்று பிரித்தே எழுதுங்கள். நேரம் போதவில்லை என்றால் 496-ஐ விட்டுவிடலாம். கருந்துளைக் கணக்கையும் வெள்ளியையும் விட வேண்டாம்.